மிஷினுக்குத் தெரியாத முகம்

முதலமடையில் வெயிலுக்கு அடுத்தபடியாகச் சுடுவது எது என்று கேட்டால், எங்கள் மாங்காய் மண்டியில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: கடுகக்கா. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். பெட்டிகளில் காய் அடுக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவர் நிற்கும்போது லாரி டிரைவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. இறங்கி வந்து மெதுவாகக் கூப்பிடுவார்கள். நான் அங்கே பில் போடுகிறவள். என்னைத் திட்டாத நாளில், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பேன்.

போன சீசன் தொடக்கத்தில் கையெழுத்து நோட்டை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுகொள்ளும் மிஷினைச் சுவரில் மாட்டினார்கள். படம் பிடிக்க வந்தவர், "சிரிங்கக்கா" என்றார்.

"ஏனுங், என்னையப் பொண்ணு பாக்கவா வந்திருக்கறீங்? மாங்கா அடுக்கறதுக்கு மூஞ்சி எதுக்குங்?"

அவர் பயந்துபோய் அந்த நொடியிலேயே பட்டனை அமுக்கிவிட்டார்.

மறுநாள் காலை கடுகக்கா மிஷின் முன்னால் போய் நின்றார். மனிதர்களிடம் வெடிக்கிறவர், அதன் கண்ணாடித் திரையைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டார். முகம் வெளிறிவிட்டது. "முகம் பொருந்தவில்லை" என்றது மிஷின். இரண்டாம் நாளும் அதேதான்.

மேனேஜர் கையை விரித்தார். "எட்டு மணிக்குள்ள மிஷின்ல பதியலன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா. மூணு நாள் தப்புனா மேலிடத்துல பேர எடுத்துருவாங்க." படம் பிடிக்கிறவர் அடுத்த வாரம்தான் வருவாராம்.

மூன்றாம் நாள், ஏழு ஐம்பது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருடைய படத்தைத் தேடிப் பார்த்தேன். மூக்கு விடைத்து, புருவம் நெற்றியில் ஏறி, அசல் கடுகக்கா! மிஷினுக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தான். அவரைக் கோபப்பட வைத்தால் வேலை நிலைக்கும். மிஷின் முன்னால் நின்றிருந்தவரிடம் ஓடினேன்.

"அக்கா, நேத்து நீங்க அடுக்குன பெட்டி பூரா கோணல்!"

"செரீங் அம்மிணி."

என்னிடம் அவர் மரியாதைக்கு 'ங்' போட்டதே அன்றுதான்.

"உங்க கொழம்புக்கு எங்கூட்டுக் கழனித்தண்ணி பரவால்ல!"

"செரீங்."

மணி ஏழு ஐம்பத்தெட்டு. கடுகக்காவின் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார் சபியா. அவரோடு பல வருடமாகக் காய் அடுக்குகிறவர். மிஷினை ஒட்டிச் சாய்ந்திருந்த மேனேஜர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "சபியாம்மா, உங்களுக்கும் கை மெதுவாயிருச்சு. நாளையிலிருந்து வேற எடம் பாத்துக்கங்க."

கடுகக்கா நிமிர்ந்தார். மூக்கு விடைத்தது.

"யாரைங் வேற எடம் பாக்கச் சொல்றீங்? ஒரு காய் அடிபடாம அடுக்கற கைங் அது! அவ போனா நாங்க அத்தன பேரும் போறமுங். நீங்களும் உங்க மிஷினும் அடுக்கிக்கங்க!"

"முகம் பொருந்தியது. நன்றி" என்றது மிஷின்.

மண்டியே சிரித்தது. மேனேஜர் மிஷினை விட்டு விலகி நின்று, "போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார். சபியாவையும் சேர்த்துத்தான் சொன்னார். சீசன் முடியும்வரை அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோருக்கும் புதிதாகப் படம் எடுத்தார்கள். கடுகக்கா முதல் ஆளாக நின்று எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "பயப்படாத சாமி, அது ஒண்ணும் பண்ணாது" என்று தைரியம் சொன்னார். கடைசியில் என் முறை வந்தது. மாங்காய்ப் பால் மணக்கும் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"வேர்வையோட நிக்காத அம்மிணி. உன்னையும் தெரியலன்னு அனுப்பிச்சுட்டா, நான் யாரைத் திட்டறது?"

அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேனா, அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.