கட்டைவிரல் நீங்கலாக அனைவரும் நலம்

கும்மிடிப்பூண்டி

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஸ்டீபனுக்கு, உன் அக்காள் புருஷன் தேசப்பன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் வலது கால் கட்டைவிரல் நீங்கலாக அனைவரும் நலம். ஆரம்பாக்கத்தில் உன் வீட்டார் அனைவருடைய கால்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். ஃபோனில் பேசினால் உன் அக்காள் ஹெலன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் என் மகள் ஏஞ்சல் கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியவன் நான். இப்போது கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் என்னையே ஹெலன்தான் கையைப் பிடித்து அழைத்துப்போகிறாள்.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை மச்சான். சில வருஷம் முன்பு ஒருநாள் காலையில் எழுந்தால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது, ஃபேன் காற்று பட்டாலே உயிர் போனது, இரும்பு மில்லில் கொடுத்த சேஃப்டி ஷூதான் கடித்துவிட்டது என்று ஸ்டோர்ஸ் ஆதிகேசவனிடம் சண்டை போட்டு ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. ஷூவின் மகிமையை மில் முழுக்கச் சொன்னேன், அதைக் கேட்டுப் பெரிய ஷூ வாங்கியவர்கள் தடுக்கி விழுந்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பெரிய ஷூவுக்குள்ளேயே வலி திரும்ப வந்தது. அப்போதுதான் நீ, "காலுக்குக் காலுதான் மாமா மருந்து" என்று ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் அனுப்ப ஆரம்பித்தாய். சூப்பு குடித்தேன், வலி போனது, உன்னை வாயார வாழ்த்தினேன். அப்புறம் வருஷத்துக்கு ஒருதரம் வந்தது ஈஸ்டருக்கு ஒருதரம் கிறிஸ்துமஸுக்கு ஒருதரம் என்று விருந்தாளி மாதிரி வந்துபோய், விரலை விட்டுக் கணுக்காலுக்கு ஏறி, இப்போ முட்டியிலயும் குடிவந்திருச்சி.

போன வாரம் ஹெலன் என்னை டாக்டரம்மா முபீனாவிடம் இழுத்துப்போனாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, யூரிக் ஆசிட் ஏகத்துக்கும் ஏறிக்கிடக்கிறது, இதற்குப் பேர் கவுட் என்றார். அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்து, மூட்டுக்குள்ளே ஊசி ஊசியாக உப்பாகப் படியுமாம். உலைச் சூட்டில் தண்ணி குடிக்காம வேலை பாத்தது, பீரு, கருவாடு, ஈரல் எல்லாம் அதுக்குத் தீனியாம். ஆட்டுக்கால் சூப்பையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்படியே விட்டால் மூட்டில் கட்டி கட்டியாகத் திரளுமாம், கிட்னியில் கல்லும் வருமாம். கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வலி போயிட்டா நோவு போயிட்ச்சின்னு நெனைக்காதீங்க. அது உள்ளதான் குந்திக்கினு இருக்கும். மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏஞ்சல் பக்கத்து அறையில் ஹீல்ஸ் போட்டு மெதுவா நடந்து பழகிக்கினு இருக்குது. ஏம்மா இவ்ளோ மெதுவான்னு கேட்டா, உன் கூட நடக்கணும் இல்லப்பா என்கிறது. போர்வையை மூடிக்கினு அழுதுட்டேன் மச்சான்.

ஆகவே நீ ஒரு கோட்டு தைத்து வை. அன்றைக்கு என்னால் முடியாமல் போனால் தாய்மாமன் நீதான் அவளை அழைத்துப்போக வேண்டும். ஆட்டுக்காலை அடியோடு நிறுத்து. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரையை விடமாட்டேன், இது சத்தியம்.

கர்த்தர் உன் குடும்பத்தாரையும் அவர்களுடைய சகல மூட்டுகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
தேசப்பன்

பி.கு.: தபாலில் போட ஆளில்லாமல் இந்தக் கடிதம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. இன்று காலையில் எழுந்து பார்த்தால் வலி சுத்தமாக இல்லை. தபால்பெட்டிக்கு நானே நடந்துதான் போகிறேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, சும்மா பயமுறுத்திருச்சி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். கோட்டு தைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் கொஞ்சம் சேர்த்தே அனுப்பு, ஏஞ்சலை அழைத்துப்போகக் காலில் தெம்பு வேண்டும் இல்லையா.