பீமாராவின் கால்

"ஏங்க, போர்வைக்குள்ள என்ன?"

வாசலிலேயே மறித்தாள் நாகஜோதி. போர்வைக்குள் இருந்தது ராம்கியின் நாலு வருடத் தேடல்.

அவன் சேர்த்துவைத்திருந்த பழைய ஜப்பான் டிரம் செட்டில் ஒன்றே ஒன்றுதான் குறை. மூன்று காலில் தரையில் நிற்கும் பெரிய டிரம். அந்தக் காலத்து ஜப்பான் தொழிற்சாலைகள் ஒரே டிரம்மைச் செய்து, வாங்குகிறவர் கேட்ட பெயரைத் தகட்டில் அடித்து அனுப்பிவிடும். பெயரை நம்ப முடியாது. தோலை இறுக்கும் திருகுப்பிடியின் வார்ப்பைத்தான் பார்க்க வேண்டும். அன்று காலை பரவையில், பழைய சாமான் கடையில், வெங்காயம் கொட்டிவைத்திருந்த சிவப்பு டிரம்மைத் தடவிப் பார்த்தான். அதே வார்ப்பு! கடைக்காரர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது.

ஆனால் பொங்கலன்றே அவள் சொல்லியிருந்தாள்: "இன்னொரு டிரம் உள்ள வந்தா, நான் வெளிய போயிருவேன்."

"இது பீமாராவோடது. வச்சிருக்கச் சொன்னான்" என்றான்.

"ஏன், அவரு வீட்டுல இடமில்லையா?"

"இடமிருக்கு. கால்தான் ஒடைஞ்சுபோச்சு. வலது கால்."

"அய்யய்யோ!" என்று அடுப்பில் ஆட்டுக்கால் சூப்பை ஏற்றிவிட்டாள்.

"அவன் சைவம், ஜோதி!"

"எலும்புக்கு இதவிட மருந்து ஏது?"

ராம்கி குளியலறைக்குள் போய் போன் போட்டான்.

"மாப்ள, ஒனக்குக் கால் ஒடைஞ்சிருக்கு."

"எனக்கா? எப்படா?"

"கால்ல கட்டுப் போட்டுப் படு. இந்தா வாரோம்."

அவர்கள் போனபோது பீமாராவ் கிழிந்த வேட்டியைக் காலில் சுற்றிக்கொண்டு கட்டிலில் முனகியபடி கிடந்தான். நாகஜோதி தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், நண்பனுக்கு வந்த சூப்பை ராம்கி ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்தது. திரும்பி வந்தவள் காலி டம்ளரைப் பார்த்து, "அம்புட்டையும் குடிச்சிட்டீங்களாண்ணே!" என்று பூரித்து இன்னொன்று ஊற்றினாள். பிறகு கட்டைப் பார்த்தாள்.

"வலது காலுன்னாரு. இடது கால்லல்ல கட்டுப் போட்டிருக்கு?"

"ரெண்டும்தான் தங்கச்சி" என்றான் பீமாராவ், அவசரமாக.

"ரெண்டுமா! பாவம், பொழுது போகவேணாமா? அவரு டிரம் அவருகிட்டயே இருக்கட்டும்."

ஆட்டோக்கார சோணைக்குப் போன் போட்டாள். ராம்கி வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கி, இருபது நிமிடத்தில் டிரம்மைத் தூக்கிவந்துவிட்டார் அவர்.

பீமாராவின் கட்டில் பக்கம் அது போவதை ராம்கியால் பார்க்க முடியவில்லை.

"ஜோதி, அது என்னோடது. நான்தான் வாங்குனேன். அவன் கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வேணாம்னா திருப்பிக் குடுத்துர்றேன். நீ மட்டும் வெளிய போயிராத."

நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றே அவன் நினைத்தான்.

சோணை டிரம்மைத் தொப்பென்று இறக்கிவைத்தார்.

"யக்கா, இத இன்னும் எத்தன தடவதான் தூக்குறது? டி. கல்லுப்பட்டியில தேடிப் புடிச்சு, அண்ணனே கண்டுபுடிச்ச மாதிரி இருக்கணும்னு பரவைக் கடையில வெங்காயத்தக் கொட்டி வைக்கச் சொன்னதே நீங்கதான?"