மூன்று ஸ்க்ரூ மிச்சம்

பயந்த சுபாவம் உள்ளவன் பொய் சொல்லக் கூடாது. சொன்னாலும், லேப்டாப் ரிப்பேர் தெரியும் என்று சொல்லவே கூடாது. நான் சொன்னேன்.

சென்னையில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்து (அதில் லேப்டாப்பைத் தூரத்திலிருந்து காட்டியதோடு சரி) திருத்தணிக்குத் திரும்பியிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜை. பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆபீஸ் லேப்டாப்போடு வந்திருந்தார்.

பூஜைக்கு மறுநாள் காலையில் அதைத் திறந்தார். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு.

"சாயந்தரம் சென்னையில மீட்டிங். வெள்ளைக்காரனுக்கு ஏது விஜயதசமி? எல்லாம் இதுலதான் இருக்குது. வேலையே இன்னும் கன்ஃபர்ம் ஆகல," என்றார். அக்கா முகம் வெளிறிவிட்டது.

அம்மா முந்திக்கொண்டாள். "எம் புள்ள இதுக்குத்தான படிச்சிகினு வந்துக்கிறான். நீங்க மலைக்குப் போய் சாமி பார்த்துகினு வாங்க மாப்ள."

"தெரியுமா மச்சான்?"

"ஆங், தெரியும் பாவா." வாய்தான் சொன்னது.

பிரவுசிங் சென்டரில் கெஞ்சி ஒரு மானிட்டர் வாங்கி வந்து மாட்டினேன். அதில் படம் வந்தது. ஆக, மெஷினுக்கு ஒன்றுமில்லை, கோளாறு திரையில். டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தேன். உள்ளே மங்கலாக ஐகான்கள். படம் இருக்கிறது, பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம் இல்லை. இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மேதை.

வெளிச்சம் கொடுக்கிற போர்டு போச்சு என்று முடிவுகட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். திரையின் சட்டம் 'டக்' என்றது. என் உயிர் அதில் பாதி போய்விட்டது. போர்டைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. ஒன்றும் புரியாமல் திரும்ப மாட்டியபோது, எல்லா ஓட்டையும் நிறைந்து மூன்று ஸ்க்ரூ மிஞ்சியது (எப்படி என்று இன்றுவரை தெரியாது). பாவா வேலை போய், அக்கா பெட்டியோடு வாசலில் நிற்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னாடா இப்டி வேர்த்து ஊத்துது?" என்றாள் அம்மா.

அன்றைக்கு நான் முருகனிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதி, அவர்கள் திரும்பி வர நேரமாக வேண்டும்.

கூட்டமே இல்லையாம். முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கி, பாவாவும் அக்காவும் விபூதியோடு வந்து நின்றார்கள்.

"போர்டு மாத்தணும் பாவா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பாவா குனிந்தார். "மச்சான், இது இன்னா?"

கீபோர்டுக்கு மேலே, கீல் ஓரமாக, ஒரு குட்டிப் பொத்தான். லேப்டாப்பை மூடினால் அது அமுங்கித் திரை அணையும், திறந்தால் பொத்தான் எழும்பித் திரை எரியும். அதன்மேல் சந்தனம், நடுவில் குங்குமம், ராத்திரியெல்லாம் காய்ந்து இறுகிக் கிடந்தது. அமுங்கின பொத்தான் எழும்பவே இல்லை.

"அதுவா மாப்ள?" என்றாள் அம்மா. "நேத்து இவன்தான் அருவாமனைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வெச்சிகினே வந்தான். ஆபீஸ் பொருளுக்குக் கொறை வெக்கக் கூடாதுன்னு, தொறந்து உள்ளயும் வெச்சான்."

பாவா நகத்தால் சுரண்டினார். திரை பளிச்சென்று எரிந்தது. தரையில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார்.

"இதெல்லாம்?"

"எக்ஸ்ட்ரா பாவா."

அக்கா அப்போது சிரிக்க ஆரம்பித்தவள்தான். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால், "மொதல்ல பொட்டு கீதான்னு பாரு" என்கிறாள். பாவாவுக்கு வேலை நிலைத்தது. ஆயுத பூஜைக்கு வரும்போது மட்டும் லேப்டாப்பைக் கொண்டு வருவதில்லை. அந்த மூன்று ஸ்க்ரூவையும் அம்மா சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் பொட்டு வைக்க எனக்கு அனுமதி அதற்கு மட்டும்தான்.