மைத்துனன் செய்த வசதிகள்

போர்வைக்காரர் மின்சாரத் தையல் மிஷினின் மிதியை அழுத்தினார். மிஷின் ஓடியது. கூடவே நாற்காலியும் ஓடியது.

பின்னால் போய் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றார். கையில் பிடித்திருந்த போர்வை பாதி தூரம் அவரோடு வந்தது. ஊசி விடாததால் மீதி தூரம் வர மறுத்துவிட்டது.

"டேய்!"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எதுக்குங்க என் தம்பிய டேய்ங்கறீங்க? பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா?"

"பேர் சொன்னா மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும்!"

மைத்துனன் ஓடிவந்தான். பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், அடுத்தது கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருப்பவன். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு கூசுகிறவன். அதுதான் ஆபத்து. கூச்சமில்லாதவனாக இருந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். வீடு நிம்மதியாக இருந்திருக்கும். இவனோ, மாமாவுக்கு ஏதாவது வசதி செய்து கொடுத்துச் சாப்பாட்டுக் கடனைக் கழிக்க நினைத்தான்.

"சக்கரம் வச்ச நாற்காலி மாமா. முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்களேன்னு கொண்டு வந்து போட்டேன். ஆபீஸ்ல எல்லாம் இதுதான்."

"ஆபீஸ்ல எவன்டா உக்காந்துகிட்டு மிதிக்கிறான்?"

மைத்துனன் யோசித்தான். "எங்க மேனேஜர் மிதிப்பாரு மாமா."

அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. போர்வைக்காரருக்குக் காது சிவந்தது.

நல்ல மனுஷர்தான். காலையில் கடவுளைக் கும்பிடாமல் மிஷினில் கை வைக்க மாட்டார். தைத்த துணி கசங்கக் கூடாது என்று மடிக்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுவார். ஆனால் கோபம் மட்டும் அவருக்கு மூக்கின் நுனியில் இல்லை, அதையும் தாண்டி வெளியே நின்றது. கோபக்காரனுக்குக் கடவுள் பெரும்பாலும் ஒரு மைத்துனனைக் கொடுத்துத்தான் பொறுமை கற்றுத் தருகிறார்.

அன்றைக்குக் கோபப்படக் காரணமும் இருந்தது. மிஷினில் கிடந்தது சாதாரணப் போர்வை இல்லை. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவே பஞ்சு விரித்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து மேலே கோலம் போல நூலோட்டித் தைப்பது அவர் தொழில். இந்தத் தடவை அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரு மனிதரின் சட்டைகள். இறந்துபோனவர். அவருடைய மனைவி, ஊரே மதிக்கும் டீச்சரம்மா, அவர் போனதிலிருந்து ராத்திரியில் தூங்குவதில்லையாம். டீச்சரம்மாவின் மருமகள்தான் ஒரு பை நிறையச் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"என் மாமனாரோட சட்டைங்க. இதைப் போத்திக்கிட்டாவது அத்தை தூங்கட்டும்."

அன்று சாயங்காலம் இருவரும் வாங்கிப் போக வருகிறார்கள். கால்வாசித் தையல் பாக்கி.

"சக்கரத்தைக் கழட்டிடறேன் மாமா. ஒரே நிமிஷம்."

கழற்றினான். நாற்காலி ஓடவில்லை. ஆனால் உயரம் போய்விட்டது. போர்வைக்காரர் உட்கார்ந்தபோது அவருடைய தாடை மேசை விளிம்பில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி அண்ணாந்து ஊசியைப் பார்த்தார்.

"பழைய ஸ்டூலைக் கொண்டாடா!"

"அதோட காலை அறுத்துத்தான் மாமா உங்களுக்கு நூல்கண்டு மாட்டற பலகை பண்ணினேன்."

சுவரில் பலகை இருந்தது. அழகாகத்தான் இருந்தது. நூல்கண்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன, அவர் கைக்கு எட்டாத உயரத்தில்.

தலையணை இரண்டைப் போட்டு உட்கார்ந்தார். இப்போது கால் எட்டவில்லை. எட்டி மிதித்ததில் வழவழத் தரையில் மிதி முன்னால் வழுக்கிப் போனது. துரத்தினார். இன்னும் போனது.

"மிதியை ஒட்டிடலாம் மாமா!"

"வேணா..."

அதற்குள் பசை கொட்டியாயிற்று. நல்ல பசை. தரையோடு மிதியை ஒட்டியதோடு நிற்காமல், மிதியின் இடுக்கிலும் இறங்கிவிட்டது. போர்வைக்காரர் ஒருமுறை அழுத்தினார். மிதி கீழே போனது; மேலே வரவில்லை.

மிஷின் நிற்காமல் ஓடியது. ஊசி கட்டத்தைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, மேசை விரிப்பைத் தாண்டி, அவருடைய சட்டைக் கைக்கு வந்து சேர்ந்தது.

"பிளக்கைப் புடுங்குடா!"

பிடுங்கினான். விளக்கின் பிளக்கை. பிறகு மிஷினுடையதை.

மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள். புருஷன் போர்வையோடும் மேசை விரிப்போடும் சேர்த்துத் தைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது, உங்களையே ஒட்டுப் போட்டுக்கிட்டீங்க?"

"உன் தம்பி போட்டான்! தைக்கறதவிடப் பிரிக்கறது எவ்வளவு வேலைன்னு தெரியுமாடி உனக்கு?"

"அவனைத் திட்டாதீங்க. பாவம், நல்லது நெனைச்சுத்தானே செய்யறான்."

"கெட்டது நெனைச்சுச் செய்யச் சொல்லு. ஒருவேளை நல்லா வரும்!"

தையலைப் பிரித்துத் தன்னை விடுவித்துக்கொள்ளவே நேரம் போனது. பசையைச் சுரண்டி மிதியை மீட்டார். மறுபடி தைக்க ஆரம்பித்தார். யாரும் பார்க்காத சமயம் மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளி வைத்த தோட்டக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அதுவும் மைத்துனன் போன வாரம் கொண்டுவந்ததுதான். "இதைப் போட்டுக்கிட்டுக் குழி தோண்டு, உன்னைப் புதைக்கறேன்" என்று அப்போது வீசி எறிந்தார். துணி வழுக்காமல் நகர அதைவிட நல்ல சாமான் கிடையாது என்பதை மறுநாளே கண்டுகொண்டார். சொல்லத்தான் இல்லை. நன்றி சொல்லாமல் அனுபவிக்கும் உதவி ஒரு வகையில் திருட்டுதான். அது போர்வைக்காரருக்கும் தெரியும். அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

தைக்கத் தைக்கப் போர்வையின் பாரம் மேசைக்கு அந்தப் பக்கம் சரிந்து இழுத்தது. இழுக்க இழுக்கத் தையல் கோணியது. "ச்சே!" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

"மேல தொங்கவிட்டா பாரம் தெரியாது மாமா!"

"நான் உன்னைக் கேட்டேனா?"

கேட்காவிட்டால் என்ன? மைத்துனன் மேசை மேல் ஏறி, மின்விசிறியைக் கழற்றி, அந்தக் கொக்கியில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் போர்வையின் நான்கு பக்கமும் கவ்வித் தூக்கிவிட்டான்.

குறை சொல்லக் கூடாது, பாரம் குறைந்தது. போர்வை மேகம் மாதிரி மிதந்தது. ஆனால் விசிறி போய்விட்டதால் போர்வைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. மேகம் வெளிச்சத்தையும் மறைத்தது. மைத்துனன் பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு குண்டு பல்ப் விளக்கு வாங்கிவந்து மேசை ஓரத்தில் கவ்வ வைத்தான். இன்னொரு வீட்டில் கேட்டு மேசை விசிறியும் கொண்டுவந்தான்.

"இப்ப காத்தும் இருக்கு, வெளிச்சமும் இருக்கு. வேற என்ன மாமா வேணும்?"

"நீ இல்லாம இருக்கணும்!"

விசிறியைப் போட்டான்.

காற்று மேகத்தை ஊதியது. ஒரு கிளிப் விட்டது. போர்வையின் ஒரு மூலை ஆடி அசைந்து வந்து பல்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. போர்வைக்காரர் குனிந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

இழுத்துப் பார்த்தபோது ஒரு கட்டம் கருகியிருந்தது. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்ட சட்டை. பாக்கெட்டோடு வைத்துத் தைத்த கட்டம். நடுவில் பல்பின் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், தொட்டால் உதிர்ந்தது.

அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் கத்தவில்லை. மனைவி பயந்துபோய் வந்து நின்றாள்.

"புதுத் துணின்னா ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுவேன்" என்றார் மெதுவாக. "செத்துப்போனவர் போட்ட சட்டைய எந்தக் கடையில விப்பான்? அந்தம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" பிறகுதான் வெடித்தது. "போடா! என் வீட்டை விட்டுப் போ! உன் உதவியும் வேணாம், உறவும் வேணாம்!"

"என்னங்க..."

"நீ பேசாத! அவன் இருந்தா நான் இல்லை!"

மைத்துனன் கழன்று விழுந்த கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே போனான். பையோடு திரும்பி வந்தான். வெளியே போவதென்று நல்ல சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். வாசலைத் தாண்டப் போனான்.

"நில்லுடா!"

நின்றான். மனைவியின் முகம் மலர்ந்தது.

"சட்டையைக் கழட்டு!"

"ஐயோ, அனுப்பறதே பாவம்" என்று மனைவி அலறினாள். "சட்டையையும் உருவிக்கிட்டா அனுப்புவீங்க?"

போர்வைக்காரர் கையை நீட்டினார். வெள்ளைச் சட்டை. மெல்லிய நீலக் கோடு. கருகிய கட்டத்துக்குக் கூடப்பிறந்தது போல இருந்தது.

மைத்துனன் புரிந்துகொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. பொத்தானை அவிழ்த்துக்கொண்டே, "இண்டர்வியூவுக்குன்னு பழைய துணிக்கடையில வாங்கினேன் மாமா. பரவால்ல, எடுத்துக்கோங்க. நம்மால கெட்டது, நம்மாலயே சரியானா சந்தோஷம்தானே" என்றான்.

அந்தச் சொல் போர்வைக்காரருக்கு எங்கேயோ சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. பாக்கெட் இருந்த பகுதியைக் கச்சிதமாக வெட்டினார். வெட்டியபின்தான் கவனித்தார், பாக்கெட்டின் மூலை எப்போதோ கிழிந்து, யாரோ பச்சை நூலில் கோணல்மாணலாகக் கைத்தையல் போட்டிருந்தார்கள்.

"எந்தக் கபோதிடா நீலக்கோட்டுத் துணியில பச்சை நூல் போட்டுத் தைச்சது?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு மாமா."

பிரித்துத் தைக்க நேரமில்லை. கருகியதை வெட்டி எடுத்து, ஓரத்தை மடித்து, ஒட்டு வைத்துத் தைத்து, மேல் கோலத்தையும் ஓட்டி முடித்தார். நூலை அறுத்தார். வாசலில் கார் வந்து நின்றது.

டீச்சரம்மாவை மருமகள் கைபிடித்து அழைத்துவந்தாள். பார்வை மங்கிய கண்கள். போர்வையை மேசையில் விரித்ததும் கண்ணால் பார்க்காமல் விரலால்தான் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"நல்லா தைச்சிருக்கீங்க. இதையெல்லாம் அவர் எப்பப் போட்டார்னே எனக்கு ஞாபகமில்லை. வயசாயிடுச்சு பாருங்க" என்று மரியாதைக்குச் சிரித்தார்.

விரல்கள் அந்தக் கட்டத்துக்கு வந்தன. நின்றன. பாக்கெட்டின் மூலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தன. போர்வைக்காரர் ஓரடி பின்வாங்கினார். பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற மைத்துனன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

டீச்சரம்மா துணியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"பச்சை நூல்" என்றார். "கைக்கு அதுதான் கிடைச்சது. நீலம் வாங்கிட்டு வந்து பிரிச்சுத் தைச்சுத் தரேன்னேன். 'வேணாம், நீ தைச்சதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்'னார்." போர்வையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்து, "இன்னிக்குத் தூங்கிடுவேன்" என்றார்.

அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டு மருமகள் மீதிப் பணம் கொடுக்கத் திரும்பிவந்தாள். போர்வைக்காரர் கையை நீட்டவில்லை. கிழவி கண் தெரியாமல் எதையோ எதுவாகவோ நினைத்துக்கொண்டு அழுகிறாள், அதற்குக் கூலியும் வாங்குவதா? இந்தத் தடவை கோபம் முழுக்கத் தன்மேல் வந்தது.

"பணம் வேணாம்மா. கடவுள் முன்னால பொய் சொல்ல முடியாது. ஒரு கட்டம் எங்க கையால கருகிப்போச்சு. அத்தை கட்டிக்கிட்டு அழுதாங்களே, அந்தத் துண்டு உங்க மாமனாரோடது இல்ல. இதோ நிக்கறானே, இவன் சட்டை. ஏமாத்திட்டோம்."

மருமகள் அவரைப் பார்த்தாள். காரைத் திரும்பிப் பார்த்தாள். வாசல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, மாமனார் போன துக்கத்துல அத்தை அவரோட துணியெல்லாத்தையும் தானம் பண்ணிட்டு, அப்புறம் ஒண்ணுகூட வச்சுக்கலையேன்னு அழுதாங்க, நான் பழைய துணிக்கடை எல்லாம் அலைஞ்சும் கிடைக்காம, அதே மாதிரி இருக்கற யார் யாரோ சட்டைய வாங்கி, பரண்ல கிடைச்சதுன்னு பொய் சொல்லித்தான் உங்ககிட்ட குடுத்தேன். இந்தப் போர்வையிலேயே என் மாமனார் போட்ட சட்டை அந்த ஒரு துண்டுதான்!"