ராகு காலத்துக்கு முன்னால் போட்ட லினக்ஸ்

கம்ப்யூட்டர் படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புகிற குடும்பத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. எங்கள் குடும்பம் நம்பியது. நான்கு வருடம் படித்து, இரண்டு அரியரோடு (சரி, மூன்று) வெளியே வந்து, அன்னவாசலில் அப்பாவின் உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னைத் தெருவே 'கம்ப்யூட்டர் தம்பி' என்று கூப்பிட்டது. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் எனக்குத்தான் ஆள் வரும். நானும் போய் பேட்டரியைக் கழற்றி, உள்ளங்கையில் உருட்டி, திரும்பப் போட்டுவிட்டு வருவேன். பாதி நேரம் வேலை செய்யும். அந்தப் பாதி நேரம் கொடுத்த திமிர்தான் என் அழிவுக்குக் காரணம். என் அழிவு என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அழிந்தது அக்காவுடையது.

அக்கா கவிதா எனக்கு நான்கு வயது மூத்தவள். தாவரவியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஊருணித் தண்ணீரில் இருக்கும் பாசிகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. நான்கு வருடம், மாதத்துக்கு ஒரு முறை, எங்கள் பக்கத்து ஊருணி ஒவ்வொன்றுக்கும் ஸ்கூட்டியில் போய், படியிறங்கி, பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் பிடித்தாள். எந்த மாதம் எந்த ஊருணியில் எந்தப் பாசி என்று பட்டியல் போட்டாள். வீட்டில் அதற்குப் பெயர் 'பாசி பிடிச்ச படிப்பு'. (பெயர் வைத்தது நான்தான். அப்போதெல்லாம் என் நகைச்சுவைக்கு வீட்டில் நல்ல மரியாதை.)

அந்தப் படிப்போடு ஒரு ஒப்பந்தமும் இருந்தது. பொன்னமராவதியில் பெயிண்ட் கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை வீடு ஒரு வருடமாக அப்பாவைத் துரத்திக்கொண்டிருந்தது. அக்கா அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"இந்த மாசக் கடைசியில தீசிஸ் குடுத்துருவேன்ப்பா. குடுத்துட்டா, நான் வேலைக்குப் போறேன். கல்யாணம் எப்பன்னு நான் சொல்றேன். குடுக்கலைன்னா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன்."

அப்பா சம்மதித்தார். குடுக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் சம்மதித்தார் என்பது என் கணிப்பு. அக்காவின் கைடு அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஒப்படைக்காவிட்டால் வேறு கைடு, வேறு கையெழுத்து, எல்லாம் முதலிலிருந்து. ஆனால் அக்கா முடித்துவிட்டாள். திங்கள்கிழமை பிரிண்ட், புதன்கிழமை ஒப்படைப்பு. அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. எல்லாவற்றையும் கெடுக்க எனக்கு அந்த ஒரு வெள்ளிக்கிழமை போதுமானதாக இருந்தது.

எனக்கு அந்த வாரம் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்திருந்தது. நேர்காணலுக்கு முன்னால் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் நிறுவி, திரையைப் படம் பிடித்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்பது, கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். சின்னப் பிள்ளையில் கட்டிலைச் சுற்றிச் சேலையைக் கட்டி வீடு என்று விளையாடுவோமே, அந்த மாதிரி. சேலை வீட்டைப் பிய்த்துப் போட்டாலும் நிஜ வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு தெளிவாக இன்றைக்குச் சொல்கிறேன். நான்கு வருடம் படித்தபோது இது தெரியாது.

என் லேப்டாப் கல்லூரி முடியும்போதே உயிரை விட்டிருந்தது. கைடைப் பார்க்கத் திருச்சி கிளம்பிய அக்காவிடம் அவளுடையதைக் கேட்டேன்.

"எடுத்துக்க. என் ஃபோல்டரை மட்டும் தொடாத."

"நான் ஏன்க்கா ஒன் பாசியத் தொடப் போறேன்?"

சொன்ன சொல் தவறவில்லை. அவள் ஃபோல்டரை நான் தொடவே இல்லை. மொத்த டிஸ்க்கையும்தான் தொட்டேன்.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். யூடியூபில் ஒருவர் தமிழில் சொல்லிக் கொடுத்தார். "டிஸ்க்கை அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்கும். பயப்படாதீங்க நண்பர்களே, அது பொய் டிஸ்க். தைரியமா குடுங்க." அவர் சொன்ன இருபது நிமிடத்தில் எனக்கு மனப்பாடம் ஆனது இந்த ஒரு வரிதான். விர்ச்சுவல் மெஷினை உருவாக்கி, லினக்ஸை உள்ளே விட்டேன். கறுப்புத் திரை வந்தது. பத்து நிமிடம் கழித்தும் கறுப்புத் திரை. அக்காவின் லேப்டாப் பழசு. அது ஒரு கம்ப்யூட்டராக இருப்பதற்கே மூச்சு வாங்கும், இரண்டாக இருக்கச் சொன்னால் என்ன செய்யும்? ஃபேன் மட்டும் நெல் அரைக்கிற மில் மாதிரி சத்தம் போட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் வகுப்பு நண்பன் கணேசனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, லினக்ஸை ஒரு பென்டிரைவ்ல ஏத்து. அதச் சொருகிட்டு லேப்டாப்பை ஆன் பண்ணு. 'சும்மா பாக்குறேன்'னு ஒரு பட்டன் வரும், அதக் குடு. எதையும் அழிக்காம லினக்ஸ் ஓடும். போட்டோ எடுத்து அனுப்பு, வேலை முடிஞ்சுது. இன்ஸ்டால்னு இருக்கிறதை மட்டும் குடுத்துராத."

கணேசன் சொன்ன கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மூளைக்குப் போகிற வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பென்டிரைவ் வேண்டும். வீடு முழுக்கத் தேடியதில் ஒன்றுதான் கிடைத்தது. அக்காவின் மேசை டிராயரில், ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டோடு இருந்தது. சொருகிப் பார்த்தால், உள்ளே அவளுடைய தீசிஸ், பட்டியல்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல். லேப்டாப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எடுத்து வைத்திருக்கிறாள். லினக்ஸை ஏற்ற வேண்டுமென்றால் பென்டிரைவைக் காலி செய்ய வேண்டும். நான் என்ன பொறுப்பில்லாதவனா? அதில் இருந்த அத்தனையையும் லேப்டாப்பில் 'அக்கா பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தேன். நகல் முழுசாக ஏறிவிட்டதா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அப்புறம்தான் பென்டிரைவை அழித்தேன். அன்றைக்கு நான் கவனமாகச் செய்த ஒரே காரியம் அது. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மணி பத்தேகால். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேலைக்கு அனுப்புற காரியமாடா அது?"

"ஆமாம்மா."

"வெள்ளிக்கெழமை. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள ஆரம்பிச்சுரு சாமி. ஆரம்பிச்சுட்டா அப்புறம் எம்புட்டு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். உர லோடு இறக்குவதென்றாலும் பத்தரைக்கு முன்னால் முதல் மூட்டையைத் தரையில் வைத்துவிட வேண்டும். நான் பகுத்தறிவுவாதி என்று வெளியே சொல்லிக்கொள்வேன். (அரியர் பரீட்சைக்கு மட்டும் சாமி படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன பகுத்தறிவுவாதி.) பென்டிரைவைச் சொருகி லேப்டாப்பை ஆன் பண்ணினேன். அது ஆடி அசைந்து எழுந்திருக்கும்போது மணி பத்து இருபத்தைந்து. திரையில் இரண்டு பட்டன்கள். ஒன்று 'முயன்று பார்', இன்னொன்று 'நிறுவு'. அம்மா தோளுக்குப் பின்னால் நின்று, "அஞ்சு நிமிசந்தான்டா இருக்கு" என்றாள். முயன்று பார்க்கவெல்லாம் நேரமில்லை. 'நிறுவு' கொடுத்தேன். மொழி கேட்டது, கொடுத்தேன். ஊர் கேட்டது, கொடுத்தேன். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பயப்படாதீங்க நண்பர்களே! தைரியமாகக் கொடுத்தேன். நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. பெற்ற தாய்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டாள். மணி பத்து இருபத்தெட்டு. ஆமாம் என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா?"

"ஆரம்பிச்சாச்சும்மா."

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

பதினொன்றரைக்கு லினக்ஸ் வந்தது. அழகாக இருந்தது. படம் பிடித்து அனுப்பினேன். 'மிகச் சிறப்பு' என்று உடனே பதில். அந்தச் சந்தோஷத்தில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, விளையாட்டு வீட்டிலிருந்து வெளியே வர வழி தேடினேன். வழி இல்லை. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். லினக்ஸ். மறுபடி ரீஸ்டார்ட். லினக்ஸ். நான்காவது தடவையும் லினக்ஸ்தான். கணேசனைக் கூப்பிட்டேன்.

"அழிக்கவான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. குடுத்தேன். அது பொய் டிஸ்க்குதானடா?"

அவன் தலையில் அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது.

"டேய், விர்ச்சுவல் மெஷினுக்குள்ள குடுத்தாதான்டா பொய். நீ நெசத்துலல்ல குடுத்துருக்க. உள்ள என்ன இருந்துச்சு?"

நான் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு டிஸ்க் புரியவில்லை, அக்காவின் படிப்பு போய்விட்டது என்பது புரிந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "நல்ல நேரத்துலதானடா ஆரம்பிச்ச?"

அக்கா சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் பல். "சார் கையெழுத்துப் போட்டுட்டாருடா! எல்லாம் ஓகே, திங்கக்கெழம பிரிண்ட் போட்ருன்னு சொல்லிட்டாரு." பையிலிருந்து காகிதத்தை எடுத்து என்னிடம்தான் முதலில் நீட்டினாள். நான் வாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. 'அக்கா பத்திரம்' என்ற வார்த்தையை மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம், நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எத்தன மணிக்கு?" என்றாள்.

"பத்து இருபத்தெட்டு."

"அந்நேரந்தான் சார் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு."

அப்புறம் அழுதாள். அப்படியொரு அழுகையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று ஓடி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட, கம்ப்யூட்டருதானா" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

எழுதி வைத்த நோட்டு இல்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வருடத்துக்கு இருந்தது. "இனிமே நோட்டு எதுக்குக்கா, நேரா லேப்டாப்புல ஏத்திக்க" என்று ஒரு அறிவாளி யோசனை சொன்னதால் அடுத்த இரண்டு வருடத்துக்கு இல்லை. அந்த அறிவாளி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைடு மற்ற அத்தியாயங்களை அக்காவின் லேப்டாப்பிலேயே படித்தவர், அவர் மெயிலில் இரண்டு அத்தியாயம்தான் இருந்தது. திருச்சியில் அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்றில் லேப்டாப்பையும் பென்டிரைவையும் கொடுத்தோம். தீசிஸ் வரவில்லை, பட்டியல் வரவில்லை. படங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தன, பெயர் இல்லாமல், வெறும் நம்பரோடு. எந்த ஊருணி, எந்த மாதம் என்று எதுவும் கிடையாது. அக்கா மூன்று நாள் அந்தப் பச்சைப் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் மூடி வைத்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைத் திட்டினார், திட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு ஐந்து நிமிடம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, போனது போச்சு. கல்யாணத்தப் பண்ணிட்டும் படிக்கலாம், யாரு வேணாங்குறா?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பொன்னமராவதியிலிருந்து இரண்டு காரில் ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மச்சான் நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. புதுக் கைடு புதுத் தலைப்பு எடுக்கச் சொன்னார். அதற்குள் அக்கா மாசமாகிவிட்டாள். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கோ அந்தச் சென்னைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. லினக்ஸ் சர்வர்களில் இருப்பதையெல்லாம் தினமும் நகல் எடுத்துப் பத்திரமாக வைப்பது என் வேலை. மேனேஜர் என்னைப் பற்றிச் சொல்வது, "அவன் கையில குடுத்தா எதுவும் தொலையாது." ஏழு வருடமாக ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை. யார் வீட்டுக் கணக்கோ, யார் வீட்டுப் படமோ!

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லா விசேஷத்திலும் ஓடுகிறது. சொல்பவர் மச்சான். "எனக்குப் பொண்ணு குடுத்தது மாமனாரு இல்லீங்க, இந்தா நிக்கிறாரே எங்க மாப்ள, இவருதான். ஒரே ஒரு பட்டனு! ஒரு வருசமா முடியாத சம்பந்தத்த ஒரு நிமிசத்துல முடிச்சு வச்சாரு." அதனால் எனக்குப் பெயர் 'தரகர்'. சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு என் நிஜப் பெயரே தெரியாது, 'தரகர் மாமா'தான். யாராவது போனை என்னிடம் நீட்டினால், "ஏய், தரகருகிட்ட குடுக்காத, அடுத்த முகூர்த்தத்துல ஒனக்குக் கல்யாணம்" என்பார்கள்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் கதையைச் சொன்னார், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், வழக்கம் போல மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அக்கா கையில் பாயச வாளியோடு நின்றிருந்தாள். பின்கட்டுப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

"என்னைய மன்னிச்சுரு அக்கா."

அவள் அண்டாவிலிருந்து பாயசத்தை மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"அழிச்சதுக்கா? அத அன்னைக்கே மன்னிச்சுட்டேன்டா. நீ என்ன வேணும்னேவா செஞ்ச? தெரியாம நடந்துருச்சு."

நான் வாளியை வாங்கக் கை நீட்டினேன்.

"இப்ப சிரிச்சியே, அது தெரிஞ்சுதான?" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

நான் பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அங்கிட்டு மச்சான் புதிதாக வந்து உட்கார்ந்த பந்திக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, "வாங்க தரகரே, ஒங்களத்தான் தேடுறாங்க" என்றார்.

போனேன்.