குழந்தை அறைக்கு ரெண்டு கோட்

உயிரே போனாலும் இந்த விஷயம் மனைவியின் காதுக்குப் போகக் கூடாது என்று பெயிண்டர் முடிவு கட்டினான். விஷயம் அவன் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம் கொப்புளமாகப் பூத்திருந்தது.

"சின்னம்மை," என்றார் டாக்டர். "வீட்ல யாரு?"

"சம்சாரம். நிறைமாசம்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்களுக்கு முன்னாடி வந்திருந்தா பயமில்ல. வரலைன்னா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. தெரியலைன்னா இன்னைக்கே வரச் சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

போன தடவை கரு தங்கவில்லை. அதிலிருந்து அவள் ஒரு தும்மலுக்கே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? முதலில் மாமியாரைக் கேட்போம். 'வந்திருக்கு' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாமல் பூசி மெழுகிவிடலாம்.

வீட்டுக்குள் நுழைந்தவன் நேராகக் காலி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

"என்னங்க, கதவை ஏன் சாத்துறீங்க?"

"குழந்தை ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். வாடை உனக்கு ஆகாது. கிட்ட வராத!"

"நீங்களா? நம்ம வீட்டுக்கா?" ஊரார் சுவரையெல்லாம் பளபளக்க வைத்தவன், கட்டியவள் தலைகீழாக நின்றும் சொந்தச் சுவரைத் தொட்டதில்லை.

அவன் போனில் கிசுகிசுத்தான். "அத்தை, உங்க பொண்ணுக்குச் சின்ன வயசுல சின்னம்மை வந்துச்சா?"

"எதுக்கு மாப்ள?"

"சும்மா, பேச்சுவாக்குல..."

"பேச்சுவாக்குல கேக்குற கேள்வியா இது? மூணும் பொண்ணு. ஒருத்திக்கு வந்துச்சு. பெரியவளா, இவளான்னு நினைப்பில்லையே..."

இனி மறைக்க முடியாது. கால்மணி நேரம் அறைக்குள்ளேயே நடந்துவிட்டுக் கதவருகே போனான். அதற்குள் அவளே குரல் கொடுத்தாள்.

"உப்புத்தாள் தேய்க்கிற சத்தத்தையே காணோம்? தேய்க்காம அடிச்சா பொரிஞ்சு வராது?"

பொரிந்துதான் வந்திருந்தது.

"இந்தா தேய்க்கிறேன்! அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்." வாசல் கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்குப் போன் போட்டான். அது அடுப்படியில் மணியடித்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைத் தேய்த்தான். உப்புத்தாளைப் பார்த்து முதுகு ஏங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். நேற்றுவரை அவள் பக்கத்தில்தானே படுத்திருந்தான்! அந்த வயிற்றில் கை வைத்துத்தானே தூங்கினான்!

அவள் திரும்பி வர மத்தியானம் ஆனது.

"அங்கேயே நில்லு! உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல் கோட் முடிஞ்சுதா?"

"பாதி. அது கிடக்கட்டும்..."

"முடிச்சுட்டுச் சொல்லுங்க. நடுவுல வாயைத் திறந்தா திட்டுத் திட்டா விழும்னு உங்க ஆளுங்களை ஏசுவீங்களே."

கோழைக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? அடித்தான். முடித்தான். "இப்பவாவது கேளு..."

"ரெண்டாவது கோட்?"

அதையும் அடித்தான். அவள் இருமினால் பிரஷ் நின்றது. அவள் அசைவு கேட்காவிட்டால் நெஞ்சு நின்றது. சாயங்காலம் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு உடைந்துபோனான்.

"எனக்குச் சின்னம்மை! மறைச்சிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நம்ம புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்..."

"தெரியும்."

"எப்படி?"

"நீங்க போனை வைக்கவும் அம்மா எனக்குப் போன் பண்ணவும் சரியா இருந்துச்சு. கடைக்கா போனேன்? ரத்தம் குடுத்துட்டு, முடிவு சொல்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன். வயித்துல கையை வச்சுக்கிட்டு. சின்ன வயசுல எனக்குத்தான் வந்திருக்காம். பயமில்லைன்னுட்டாங்க."

அவன் அப்படியே தரையில் சரிந்தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திடீரென்று நிமிர்ந்தான்.

"அப்ப மத்தியானமே தெரியுமா? ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது கோட் அடிச்சிருப்பீங்களா?"

அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"பிரஷ்ஷைக் கழுவிடாதீங்க. கொப்புளம் காயற வரைக்கும் நீங்க வேலைக்குப் போகக் கூடாதாம். ஹால் அப்படியே கிடக்கு."