கோழிக்குத் தோல் சீவியவர்

பஸ் டிப்போவின் நேரக் கண்காணிப்பாளருக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷத்தில் அவர் தன் தலையைத் தவிர வேறு எதையும் சீவியதில்லை. டிப்போவில் டிரைவர்களிடம் நறுக்கென்று பேசுவார். வீட்டில் ஒரு கேரட்டை நறுக்கித் தரச் சொன்னால் மட்டும், டிப்போவிலிருந்து ஏதோ அவசர போன் வந்துவிடும்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். பள்ளிக்கூடச் சீருடைத் துணி மிஷின் பக்கத்தில் குன்று மாதிரி குவிந்து கிடக்கும். சமையலை முடித்து அவள் மிஷினில் உட்காருவதற்குள் மணி பத்தாகிவிடும். காய் நறுக்க ஒரு கை கிடைத்தால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். அந்த வாரம் வீடு நிம்மதியாக இருந்ததாக அவர் டிப்போவில் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் அவள் ஐந்து கோழிகள் வளர்த்தாள். சாயங்காலமானால் கடையில் வாங்கிய காய்ந்த புழுவை ஒரு பிடி தூவுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலம் அவர் கண்ணில் பட்டது. காசு கொடுத்துப் புழு வாங்கும் குடும்பத்துக்குத் தான் தலைவராக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவர், ஞானத்தோடு இறங்கி வந்தார். முட்டைகோஸின் வெளி இலை, தர்பூசணியின் அடித்தோல், பூசணி விதை, கேரட் சீவல் எல்லாம் கோழிக்கு அமிர்தமாம். எல்லாம் குப்பைக்குப் போகிற சாமான். இனிமேல் இந்த வீட்டுக் கோழிகள் செலவில்லாமல் ஆரோக்கியமாக வாழும் என்று முக்கால் மணி நேரம் எங்கேயும் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி பேசி முடித்தார்.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தடவிக்கொண்டே மனைவி முழுக்கக் கேட்டாள்.

"நல்ல யோசனைதாங்க. ஆனா நான் சீவினா தோலு மண்ணும் தூசியுமா இருக்கும். உங்க சுத்தம் எனக்கு வராது."

"அத நான் பாத்துக்கறேன்."

மூன்றே வார்த்தை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் கத்தியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

வெங்காயம் கோழிக்கு ஆகாது என்று அவரே சொல்லியிருந்தார். அப்படியானால் அதை அவரே தனியாக உரித்துவிடுவதுதான் பத்திரம், தான் உரித்தால் தோல் கலந்துவிடும் என்று மனைவி கவலைப்பட்டாள். கண்ணீரோடு உரித்தார். உருளைக்கிழங்கின் பச்சைத் தோல் விஷம் என்றார். கிழங்கு முழுவதும் அவர் கைக்கு வந்தது. உப்பு கூடாது என்றார். உப்புப் போடுவதற்கு முன்னால் கோழிக்குச் சோறு எடுத்து வைக்க, அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் தையல் மிஷின் எட்டு மணிக்கே ஓட ஆரம்பித்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் கவனம் கோழிகள் மேல் இருந்தது.

அவரைக் கண்டதும் ஐந்தும் ஓடி வந்தன. டிப்போவில் அவரைக் கண்டால் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடித்தான் பழக்கம். இந்த மரியாதையில் மனிதர் கிறங்கிப்போனார். ஒரு கிண்ணம் இரண்டு கிண்ணமாயிற்று. கோழியின் மூக்கு உயரத்துக்கு முழு முட்டைகோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். விதைக்காகவே தினம் ஒரு பூசணிக்காயைப் பிளந்தார். கோழிகள் வழக்கமான இரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வாரம் முட்டைக் கணக்கில் முட்டை விழுந்தது. கூட்டுக்குப் போகும் சாய்வுப் பலகையில் ஏறுவதற்குள் சிவப்புக் கோழி இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியது.

அதைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா கோழியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவருடைய வயிற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"தீனி நல்ல தீனிதான் சார். அளவுதான் தப்பு. உள்ள பூரா கொழுப்பு. வழக்கமான இரை தின்ன பிறகு, பேருக்குக் கொஞ்சம் போடுங்க. போதும்."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் தலை தானாக நிமிர்ந்தது. பேருக்குக் கொஞ்சம் என்றால் நாலு இலை. நாலு இலை கிள்ள விடியற்காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அறிவித்தார்: டாக்டர் உத்தரவு, நாளையிலிருந்து சீவல், நறுக்கல் எல்லாம் நிறுத்தம்.

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள்.

"கோழிக்குத்தானே குறைக்கச் சொன்னாங்க? நமக்கு இல்லியே."

அவர் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நாளைக்குப் பூசணிக்காய் எடுத்துக்கோங்க. விதைய மட்டும் அதுங்களுக்கு அளவாப் போட்டுட்டு, மிச்சத்த வெட்டி வெச்சிடுங்க. மூணு வாரமா நல்லா கை வந்திருக்கு, பழக்கத்த விட்டுடாதீங்க."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் கூடையை இறக்கி வைத்தார். பிறகு, மிஷின் சத்தத்துக்கு நடுவே மெதுவாகக் கேட்டார்:

"பெரிய துண்டாவா, சின்னத் துண்டாவா?"